'பல்கிங்' என்பதற்கு என்ன சொல்: கசடு உப்பலா, கசடு மிதப்பா?

> 'ஸ்லட்ஜ் பல்கிங்' என்பதற்குக் 'கசடு மிதப்பு' என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா. 'மிதப்பு' வேண்டாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசட்டை (கழிவைத் தின்னும் பாக்டீரியாத் திரளை) படியவைத்து நீரைப் பிரிப்பது தெளிவுத் தொட்டி. அதில் கசடு மேலே வர இரண்டு கோளாறுகள் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும்; வைத்தியம் வேறு வேறு.

பல்கிங்கில் கசடு படியவே படியாது. காற்றூட்டுத் தொட்டி (பாக்டீரியாக்களுக்குக் காற்றுச் செலுத்தும் தொட்டி) நீரை 1 லிட்டர் அளவுஜாடியில் அரை மணி நேரம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். நல்ல கசடு 300 மி.லி. கோட்டருகே இறங்கிவிடும். இது 700, 800-லேயே நிற்கும். ஆனால் மேலே உள்ள நீர் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். இழை பாக்டீரியாக்கள் பெருகித் துகள்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் காரணம். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் குறைந்தால் இப்படி ஆகும். பாதாளச் சாக்கடையில் நீர் தேங்கி, சல்பைடு ஏறி வந்தாலும் ஆகும். வீட்டு இணைப்புகள் குறைவாக உள்ள சிற்றூர்களில் குழாய் ஓட்டம் மந்தம் என்பதால் இந்தச் சல்பைடை முதலில் சந்தேகிக்க வேண்டும். காற்றைக் கூட்டுவது ஒரு வழி. அவசரத்துக்குத் திரும்பு கசட்டில் (தெளிவுத் தொட்டியிலிருந்து காற்றூட்டுத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் கசட்டில்) அளவாகக் குளோரின் சேர்ப்பார்கள்.

இரண்டாவது கோளாறான 'ரைசிங் ஸ்லட்ஜ்' அப்படியல்ல. அதே ஜாடியில் கசடு ஒழுங்காகப் படியும். கொட்டிவிடாமல் இன்னும் ஓரிரு மணி நேரம் விட்டால் கட்டி கட்டியாகக் கிளம்பி வரும். குச்சியால் கிளறினால் குமிழி விட்டு மறுபடி கீழே போகும். அது நைட்ரஜன் வாயு: அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைப்பதால் வருவது. இதற்குத் திரும்பு கசட்டு பம்பின் ஓட்டத்தைக் கூட்டி, கசட்டை அடியில் தங்கவிடாமல் எடுக்க வேண்டும். உபரிக் கசட்டைக் கூடுதலாக வெளியேற்றிக் கசட்டின் வயதை, அதாவது அது நிலையத்தில் தங்கும் நாட்களை, குறைப்பதும் உதவும். பல்கிங் என்று நினைத்துக் குளோரினை ஊற்றினால் நல்ல பாக்டீரியாக்கள்தான் சாகும்.

ஆகவே படியாததற்குக் 'கசடு உப்பல்', படிந்தபின் எழுவதற்குக் 'கசடு மிதப்பு' என்று பிரிப்போம்.

> 'உப்பல்' பேச்சுவழக்காக இருக்கிறதே. 'பருமனேற்றம்' என்றால்?

ஐயா, 'பருமன்' ஏற்கெனவே 'கசடுப் பருமன் சுட்டெண்'ணில் இருக்கிறது. ஒரு கிராம் கசடு படிந்தபின் எத்தனை மி.லி. இடம் பிடிக்கிறது என்பதே அது. படிந்த கசடு 600 மி.லி., தொட்டியில் தொங்கும் திடப்பொருள் லிட்டருக்கு 3000 மி.கி. என்றால் சுட்டெண் 200. 150-ஐத் தாண்டினாலே உப்பல் என்று சந்தேகிக்கலாம். அளவுக்கும் கோளாறுக்கும் ஒரே வேர்ச்சொல் இருந்தால் பதிவேட்டில் குழப்பம் வரும். இரவுப் பணியில் இருப்பவர் தொலைபேசியில் "கசடு உப்பிருச்சு" என்று சொன்னால் எதிர்முனைக்குச் சட்டென்று புரிய வேண்டும். அதனால் பேச்சுவழக்கே நல்லது.

காற்றூட்டுத் தொட்டியின் மேல் பழுப்பாகத் திரளும் பிசுபிசுப்பான நுரை மூன்றாவது கோளாறு. அதை இவ்விரண்டிலும் சேர்க்காமல் 'கசட்டு நுரை' என்று தனியே வைக்கலாம்.