பக்கத்து சீட் கண்ணாடி இறங்குது, ஏற மாட்டேங்குது – மோட்டாரா, ஒயரா?

இளவேனில்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய கார், நாலு கதவுக்கும் பவர் விண்டோ. முன்பக்கம் பயணி சீட் கண்ணாடி மட்டும் மக்கர் பண்ணுது. அந்தக் கதவில் இருக்கிற சுவிட்சைக் கீழ்ப்பக்கம் அழுத்தினால் இறங்குது. மேல்பக்கம் அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. இப்படியே இறங்கி இறங்கி, இப்போது கால்வாசிக் கண்ணாடிதான் வெளியே தெரியுது. மறுபடி அழுத்தவே பயமா இருக்கு. ஃப்யூஸ் பார்த்துட்டேன், நல்லா இருக்கு. மற்ற மூன்று கண்ணாடிகளிலும் பிரச்சினை இல்லை. ஒரு மெக்கானிக் கதவைத் திறக்காமலே "மோட்டார் போயிடுச்சு, ரெகுலேட்டரோட செட்டா மாத்திடலாம்" என்கிறார் (ரெகுலேட்டர்னா கண்ணாடியை ஏத்தி இறக்குற அமைப்பு). மாத்தறதுக்கு முன்னாடி நானே எதையாவது பார்க்க முடியுமா? மல்டிமீட்டர் இருக்கு, ஓரளவு பயன்படுத்தத் தெரியும்.

வண்டிநேசன்:
மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும் ப்ரோ. பழைய வண்டியில சகஜம். சுவிட்சை அழுத்திக்கிட்டே, மோட்டார் இருக்கிற இடத்துல டோர் பேடை (கதவோட உள்பக்க மூடி) கையால தட்டிப் பாருங்க. தட்டும்போது ஓடுச்சுன்னா பிரஷ்தான்.

மின்கம்பி:
தட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் இந்த அறிகுறிக்கு எனக்கு மோட்டார் மேல் சந்தேகம் வரவில்லை. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே மோட்டார், அதே பிரஷ். பாசிட்டிவும் எர்த்தும் (பேட்டரியின் நெகட்டிவ் பக்கம்) இடம் மாறினால் சுற்றும் திசை மாறுகிறது, அவ்வளவுதான். இறங்கும்போது ஒழுங்காக ஓடுகிற மோட்டார், ஏறும்போது பிணமாகக் கிடப்பது அபூர்வம்.

இளவேனில், மூன்று விஷயம் சொல்லுங்கள். ஏற்றும் பக்கம் அழுத்தும்போது கதவுக்குள் முனகலோ 'டக்' என்ற சத்தமோ வருகிறதா? அப்போது உள் விளக்கு லேசாக மங்குகிறதா? மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, கண்ணாடிதான் எங்கோ இறுகியிருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது முக்கியம்: ஓட்டுநர் கதவில் இருக்கும் மெயின் சுவிட்சிலிருந்து அந்தக் கண்ணாடியை ஏற்ற முடிகிறதா, இறக்க முடிகிறதா? இறக்குவதை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும்.

இளவேனில்:
சத்தம் துளியும் இல்லை. விளக்கும் மங்கவில்லை. மெயின் சுவிட்சில் ஏற்றினாலும் அசையவில்லை, இறக்கினாலும் அசையவில்லை. தட்டியும் பார்த்தேன், பலன் இல்லை. அந்தக் கதவின் சொந்த சுவிட்சில் இறக்கினால் மட்டும் உடனே இறங்குது.

மின்கம்பி:
அருமை, இது போதும். மோட்டார் வாங்காதீர்கள்.

கண்ட்ரோல் யூனிட் இல்லாத பழைய கார்கள் பலவற்றில் ஒயரிங் இப்படித்தான் இருக்கும். பயணி கதவு சுவிட்சுக்கு ஃப்யூஸிலிருந்து ஒரு பாசிட்டிவ் வரும். மெயின் சுவிட்சிலிருந்து இரண்டு ஒயர் வரும்: ஒன்று ஏற்ற, ஒன்று இறக்க. யாரும் எதையும் அழுத்தாதபோது அந்த இரண்டுமே மெயின் சுவிட்ச் வழியாக எர்த்தில் நிற்கும். நீங்கள் பயணி சுவிட்சில் 'ஏற்று' அழுத்தினால், மோட்டாரின் ஒரு முனைக்குப் பாசிட்டிவ் கிடைக்கிறது. மறுமுனை 'இறக்கும்' ஒயர் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. அதாவது ஏறுவதற்கும் அந்த இறக்கும் ஒயர் வேண்டும்.

இப்போது அந்த ஒரு ஒயர் மட்டும் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பயணி சுவிட்சில் ஏற்றினால் எர்த்து இல்லை, ஓடாது. மெயின் சுவிட்சில் ஏற்றினாலும் அதே கதை. மெயினில் இறக்கினால் பாசிட்டிவ் அந்த ஒயரில்தான் வர வேண்டும், வராது. மிஞ்சுவது பயணி சுவிட்சில் இறக்குவது மட்டும். நீங்கள் சொன்னது அச்சு அசலாக இதுதான்.

அறுகிற இடம் பெரும்பாலும் கீல் ஓரம். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே சுருங்கி விரிகிற ரப்பர் குழாய் இருக்கும், அதற்குள் ஒயர்கள் வருடக்கணக்காக மடங்கி நிமிர்ந்து செத்துப்போகின்றன. ஓட்டுநர் கதவின் குழாயையும் பாருங்கள், அந்த ஒயர் அங்கேயும் நுழைந்துதான் வருகிறது.

சோதிக்க மல்டிமீட்டரை விட, காரில் போடுகிற 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்று நல்லது. இணைப்பு மோசமாக இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றலாம், பல்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. பயணி சுவிட்சின் கப்ளரை (ஒயர்கள் சேர்ந்து செருகும் பிளக்) கழற்றுங்கள். பல்பின் ஒரு முனையைப் பாசிட்டிவில் வைத்து, மறுமுனையால் மெயினிலிருந்து வரும் இரண்டு ஒயரையும் தொடுங்கள். இரண்டிலும் எரிய வேண்டும். எரியாததைப் பிடித்துக்கொண்டு கதவை மெதுவாக ஆட்டுங்கள்.

கதவோரம்:
அதுக்கு முன்னாடி மழை வந்தா சீட் ஊறிடும், முதல்ல கண்ணாடியை ஏத்திடுங்க. மோட்டார்ல ரெண்டே பின் இருந்தா மட்டும் இதைச் செய்யுங்க: டோர் பேடைக் கழட்டி, மோட்டார் கப்ளரைப் பிரிச்சு, பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஒயர்ல நேரடியா 12 வோல்ட் குடுங்க. இறங்கினா முனைகளை மாத்திக் குடுங்க. மேலே முட்டினதும் உடனே எடுத்துடணும், இல்லன்னா மோட்டார் சூடேறும். விரலைக் கண்ணாடிப் பக்கமோ ரெகுலேட்டர் பக்கமோ வெச்சுடாதீங்க.

பேட் கழட்டும்போது கைப்பிடிக் குழியிலயும், உள் லீவருக்குப் பின்னாலயும் மூடி போட்டு ஸ்குரூ மறைஞ்சிருக்கும். அதை எடுக்காம இழுத்தா பேட் கிழியும். சில வண்டிக் கதவுல ஏர்பேக் சென்சார் இருக்கும். அப்படி இருந்தா பேட்டரியைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் விட்டு, அந்தக் கப்ளரைத் தொடாம வேலை செய்யுங்க.

இளவேனில்:
கண்ணாடி ஏறிடுச்சு! நேரடியாகக் கொடுத்ததும் மோட்டார் தயங்காமல் ஓடியது. அப்புறம் பல்பு வைத்துப் பார்த்தேன். ஒரு ஒயரில் நன்றாக எரிந்தது, இன்னொன்றில் இல்லை. கதவைப் பாதி மூடும்போது ஒரு கணம் மினுக்கியது. பயணி கதவின் ரப்பர் குழாயைத் தள்ளிப் பார்த்தால் மேலுறை முழுசா இருக்கு, ஆனால் இழுத்தால் அந்த இடம் மட்டும் நீளுது. உள்ளே செம்பு அறுந்திருக்கு. பக்கத்தில் இன்னொரு ஒயரின் உறையும் வெடிச்சிருக்கு. அப்படியே முறுக்கி டேப் சுற்றலாமா?

மின்கம்பி:
வேண்டாம். மடங்குகிற இடத்தில் எந்த இணைப்பும் இருக்கக்கூடாது. ஈயம் வைத்தால் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி அறுந்துபோகும். அதே தடிமனில் பல இழை உள்ள மெல்லிய உறை ஒயர் ஒரு துண்டு எடுத்து, குழாயின் இரு முனையையும் தாண்டி, ஒரு இணைப்பைக் கதவுக்குள்ளும் இன்னொன்றைக் கீல் பக்கத்து பாடித் தூணுக்குள்ளும் வையுங்கள். இணைப்புகள் மேல் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போடுங்கள். கதவு முழுசாகத் திறந்த நிலையில் ஒயர் தொய்வாக இருக்கிறதா என்று பார்த்து நீளம் வெட்டுங்கள். வெடித்த இன்னொன்றையும் இப்போதே மாற்றிவிடுங்கள், பாடி தகரத்தில் உரசினால் ஃப்யூஸ் போகும்.

இளவேனில்:
இரண்டையும் மாத்திட்டேன். ரெண்டு சுவிட்சிலும் ஏறி இறங்குது, ரொம்ப நன்றி. மேலே கடைசி நாலு விரல் மட்டும் மற்ற கண்ணாடிகளை விட மெதுவா போகுது.

கதவோரம்:
கண்ணாடி ஓடுற ரப்பர் சேனல் காஞ்சிருக்கும். ஈரத் துணியால மண்ணைத் துடைச்சு, காய்ஞ்சதும் சிலிகான் ஸ்ப்ரே அடிங்க. எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், தூசி ஒட்டும், ரப்பரும் உப்பும். பேடுக்குப் பின்னால இருந்த பிளாஸ்டிக் ஷீட்டை ஓரம் முழுக்க ஒட்டினீங்களா? அது விலகியிருந்தா கதவுக்குள்ள இறங்குற மழைத் தண்ணி கால் வைக்கிற இடத்துக்கு வந்துடும்.

இளவேனில்:
ஷீட்டின் கீழ் ஓரம் பசை காய்ந்து விலகித்தான் இருந்தது, புது பியூட்டைல் டேப் போட்டு ஒட்டிட்டேன். ஸ்ப்ரே அடித்ததும் கண்ணாடி ஒரே சீராகப் போகுது.

மின்கம்பி:
இதே பிரச்சினையோடு வருகிறவர்களுக்கு ஒன்று: இரண்டு சுவிட்சிலும் ஏறவில்லை, ஆனால் மெயின் சுவிட்சில் *இறங்குகிறது* என்றால் ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது குழாயைப் பிரிக்க வேண்டாம். மெயின் சுவிட்சுக்குள் ஓய்வில் எர்த்தைத் தொடுகிற காண்டாக்ட் கருகியிருக்கும், அதைத் திறந்து பாருங்கள்.