ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் சைக்கிள் பெடலுக்கு மாறியவர்களே, எப்படி விழுந்தீர்கள்?

இடதுகால்:
நின்ற இடத்தில் விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். என்னை உறுத்துவது வேறு. வலதுகாலை முன்பே கழற்றித் தயாராகத்தான் வந்தேன். வண்டி நின்ற கணத்தில் எடை இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. இடதுகால் பூட்டில், வலதுகால் அந்தரத்தில். பக்கத்து பஸ்ஸின் ஜன்னலோரச் சிறுமி நான் சாயச்சாயத் தன் தலையையும் கூடவே சாய்த்துப் பார்த்தாள். முழங்கைக் காயம் ஆறிவிட்டது. அந்தத் தலைச்சாய்ப்பு மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மலைச்சாரல்:
அதற்குத்தான் ஷிமானோவின் எஸ்பிடி வகைப் பெடலைப் போடச் சொல்கிறேன். ஷூவின் அடியில் பொருத்தும் பூட்டுத்துண்டான கிளீட் சின்னது, அதற்கு இரண்டே போல்ட், பெடலின் எந்தப் பக்கம் மேலே வந்தாலும் மாட்டிக்கொள்ளும். ரோடு பைக் என்றால் மூன்று போல்ட்தான் என்று யார் விதித்தது?

ஒற்றைத்திருகு:
அந்த எஸ்பிடியில்தான் எனக்கு நடந்தது. இரண்டு போல்ட்டில் ஒன்று வழியில் எங்கோ விழுந்திருக்கிறது. நிற்கப் போகையில் பூட்டு விடுபடக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினேன். ஷூ திரும்புகிறது, கிளீட் அசையவில்லை. மிச்சமிருந்த போல்ட்டை அச்சாக வைத்து ஷூ சுழல்கிறதே தவிர, விடுவதாக இல்லை. ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஷூவிலிருந்து காலை உருவினேன். பெடலில் ஷூ தொங்க, காலுறையோடு நிற்கிறேன். அவ்வழியே போன பெரியவர், “ஷூ கடிக்கிறதா தம்பி?” என்று அக்கறையோடு கேட்டார். என்னவென்று சொல்வது!

பழைய சங்கிலி:
அது எஸ்பிடியின் குற்றமல்ல, மாட்டியவர் கைக்குற்றம். போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ், 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் முறுக்கம், முதல் சவாரி முடிந்ததும் மறுபடி ஒரு சோதனை. புதிதாக மாறுபவர்கள் பெடலின் இறுக்கத் திருகைக் குறைந்த அளவில் வையுங்கள். கழற்றிய காலின் பக்கம் உடம்பைச் சாய்த்தபடி நில்லுங்கள். முக்கியமாக, நிறத்தை நம்பி கிளீட் வாங்காதீர்கள். ஷிமானோ ரோடு கிளீட்டில் மஞ்சள் என்றால் பூட்டியபடியே கால் 6 டிகிரி அசையும், நீலம் 2, சிவப்புக்கு அசைவே கிடையாது. லுக் நிறுவனத்தின் கியோ கிளீட்டில் அதே சிவப்புக்குத்தான் 9 டிகிரி. சாம்பல் 4.5, கறுப்பு சுழியம். லுக் ஓட்டும் நண்பர் ஒருவர் எனக்கு ஷிமானோவில் சிவப்பு வாங்கித் தந்தார். ஏற்றத்தில் முழங்காலின் உட்புறம் சுருக்கென்று ஒரு வலி. என் கதை அவ்வளவுதான்.

மலைச்சாரல்:
விழுந்த கதை கேட்டால் முழங்கால் வைத்தியம் வருகிறது.

தோல்பட்டை:
1985 இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ லுக்கின் கிளிப்லெஸ் பெடலோடு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற பிறகும் வெகுகாலம், காலைப் பட்டையால் கட்டும் பழைய பெடலை விடாதவன் நான். அதில் குனிந்து, கையால் பட்டையை நெகிழ்த்தித்தான் காலை எடுக்க வேண்டும். கிளிப்லெஸுக்கு மாறியதும் ஒரு திருப்பத்தில் திடீரென்று நிற்க வேண்டி வந்தது. குதிகால் சும்மா இருந்தது, கை கீழே போய்விட்டது. இல்லாத பட்டையைத் தடவிக்கொண்டே விழுந்தேன்.