தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளில் தனியாக நான்கு நாள் நடை: யோசனை வேண்டும்

பாலக்கோடு ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். வரும் அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், வாடகை வண்டியோ துணைக்கு ஆளோ இல்லாமல், நம் பக்கத்து மலைகளில் நான்கு நாட்கள் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பிள்ளைகளுக்கு மலைகளைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான், கண்ணெதிரே தெரியும் மலைகளைப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறேன் என்பது நெடுநாளாக மனத்தை உறுத்துகிறது. நாள்தோறும் காலையில் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் உண்டு. மலை ஏறிய அனுபவம் என்றால் தீர்த்தமலைக் கோயிலுக்கு ஏறியதுதான்.

முதல் நாள் வத்தல்மலை, அடுத்த இரண்டு நாட்கள் சித்தேரி, கடைசி நாள் அஞ்செட்டியிலிருந்து நாட்ராம்பாளையம் வழியாக ஒகேனக்கல் நோக்கி நடை என்று திட்டமிட்டிருக்கிறேன். வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டுமா, இரவில் எங்கே தங்குவது, ஒரு பெண் தனியாக நடப்பதில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வீட்டில் தடை இல்லை. ஆனால் மாமியார் மிகவும் கவலைப்படுகிறார். அவருக்கு நேர்மையான பதில் சொல்லும் அளவுக்கு என் திட்டம் உறுதியாக இருக்க வேண்டும்.

அரூர்க்காரன்:

வணக்கம் டீச்சர். அனுமதியிலிருந்து தொடங்குகிறேன். ஊர்களை இணைக்கும் பொதுச் சாலையில் பகலில் நடப்பதற்கு நீங்கள் யாரிடமும் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க வேண்டியதில்லை. அந்தச் சாலையை விட்டு விலகிக் காப்புக்காட்டுக்குள் (அரசு சட்டப்படி பாதுகாக்கும் காடு) நுழைந்தால், 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றமாகும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வகுக்கப்பட்டன. எனவே "ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது, குறுக்கே போனால் சீக்கிரம் இறங்கிவிடலாம்" என்று யாராவது அன்போடு சொன்னாலும், அந்தப் பாதை காப்புக்காட்டைத் தொடுகிறதா என்று கேட்காமல் இறங்காதீர்கள். புறப்படும் முன் அரூர் வனச்சரக அலுவலகத்தில் நேரில் சென்று, எந்தெந்த ஊர்களுக்கு இடையே நடக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது.

சித்தேரியில் சாலை நடையே மனம் நிறையத் தரும். அரூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், மலையாளி என்னும் மலைவாழ் பழங்குடியினரின் சிற்றூர்கள் சரிவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளையும் நிலங்களின் ஓரமாக ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடக்கலாம். மேலே தங்கும் விடுதியை நம்பிப் போக வேண்டாம். அரூரில் அறை எடுத்து, காலைப் பேருந்தில் ஏறிச் சென்று, மாலைப் பேருந்தில் இறங்குங்கள். பேருந்துகள் குறைவு என்பதால், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்த ஊரில் திரும்புகிறது என்பதை ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் சந்தன மரம் தேடுவதாக வந்த அரசுத் துறையினர் அந்த ஊர் மக்களுக்கு இழைத்த கொடுமைக்காக, குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011-இல் தண்டித்தது. அப்படிப்பட்ட நினைவுகள் உள்ள மண்ணில், கேட்காமல் வீட்டையோ மனிதரையோ படம் எடுப்பது தவறு. முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். ஆசிரியை என்று தெரிந்தால் திண்ணையில் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

தளி சாலை:

அம்மா, உங்கள் முதல் மூன்று நாட்களைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான்காம் நாளை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலை யானைக் காட்டின் ஊடே போகிறது. அந்த மேலகிரிக் காடுகளின் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாகவும், மற்றொரு பகுதி 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதமும் பொருத்தமற்றது. ராகி முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருவதும், விவசாயிகள் இரவெல்லாம் காவல் இருப்பதும் ஒவ்வோர் ஆண்டும் நடப்பவை. சாலை வளைவில் யானை நின்றால் பேருந்தில் இருப்பவர் காத்திருக்கலாம்; நடந்து வருபவருக்கு ஒதுங்க இடமே இருக்காது, ஓடித் தப்புவதும் நடவாது. இந்தப் பக்கம் வாழும் நாங்களே அங்கு தனியாக நடப்பதில்லை.

மேலகிரியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அதில் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் குத்திராயன் சிகரமும் அய்யூர் சாமி ஏரியும் உண்டு. வழிகாட்டிகள் உடன் வருவார்கள் என்பதால் அது தனிநடை ஆகாது. ஆனால் அந்தக் காட்டை நடந்து பார்க்க முறையான வழி அதுதான். முதல் பயணத்தில் குத்திராயன் வேண்டாம், சாமி ஏரி போதும்.

தனியாகவே முடிக்க வேண்டும் என்றால் ராயக்கோட்டைக்குச் செல்லுங்கள். பாலக்கோட்டிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். மலைமேல் உள்ள கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791-இல், திப்புவின் படையிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை அது. பாராமகாலை (நம் பகுதியின் பழைய பெயர்) பாடமாக நடத்தும் உங்களுக்கு அந்தப் பாறையின் மேல் நின்று நாற்புறமும் பார்ப்பது மிகவும் பிடிக்கும்.

கிருஷ்ணகிரி செவிலியர் (ஓய்வு):

அன்புத் தங்கைக்கு, நானும் தனியாக மலை நடப்பவள்தான். உங்கள் மாமியாருக்குச் சொல்ல வேண்டிய பதில், ஒவ்வொரு மணி நேரமும் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது வேறொருவருக்கும் தெரியும் என்பதாக இருக்கட்டும். அன்றைய வழி, தொடும் ஊர்கள், திரும்பும் பேருந்து ஆகியவற்றைத் தாளில் எழுதி, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றைத் தங்கும் விடுதியிலும் கொடுத்துவிடுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதை முன்பே வீட்டில் சொல்லி, எந்த நேரத்துக்குள் அழைப்பு வராவிட்டால் யாரைத் தேடச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதி வையுங்கள்.

நேரக் கணக்குக்குப் பழைய வாய்பாடு ஒன்று இருக்கிறது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கிலோமீட்டர் சாலையில் 600 மீட்டர் ஏறினால் மூன்று மணி நேரம் ஆகும். ஓய்வுக்கும் வெயிலுக்கும் சேர்த்து நான்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம் என்பதற்கு இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தைப் பாருங்கள். அதில் இரண்டு சம உயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர். வத்தல்மலையில் கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த சாலையை ஏறி நடப்பதைவிட, பேருந்தில் மேலே போய்க் காப்பியும் மிளகும் விளையும் ஊர்களுக்கு இடையே நடப்பது முதல் நாளுக்கு ஏற்றது. நடந்தே இறங்கலாம் என்ற ஆசை வரும். நீண்ட இறக்கம் முழங்காலைத்தான் முதலில் வாட்டும் என்பதால், கைத்தடி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள்.

டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், விசில், சிறிய டார்ச் போதும்; பை கனத்தால் நடையின் இன்பம் போய்விடும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும், நாட்டு மருந்து தேடுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெண்ணாகத் தனியே நடப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். "தனியாகவா வந்தீர்கள்?" என்று வழியெங்கும் கேட்பார்கள், பெரும்பாலும் அக்கறையில் கேட்பதுதான். பெண்கள் வேலை செய்யும் நிலத்தருகிலோ, கடையிலோ, பால் ஊற்றும் இடத்திலோ ஓய்வெடுங்கள். ஆளில்லாத வளைவில் உட்காராதீர்கள். இரு சக்கர வண்டியில் ஏற்றிச் செல்வதாக யார் சொன்னாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். மலைப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியைகள் யாரையாவது உங்கள் துறை வழியாக இப்போதே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பேருந்து நேரமும், எந்த வீட்டில் நம்பித் தண்ணீர் கேட்கலாம் என்பதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பாலக்கோடு ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அஞ்செட்டி நடையைக் கைவிட்டேன். வத்தல்மலை மேல் ஒரு நாள், அரூரில் தங்கிச் சித்தேரியில் இரண்டு நாட்கள், கடைசியில் ராயக்கோட்டை என்று மாற்றிக்கொள்கிறேன். சித்தேரியின் இரண்டு நாட்களையும் அடுத்தடுத்து வைக்கலாமா, நடுவில் தீர்த்தமலையை வைக்கலாமா என்பது மட்டும் தெளிவாகவில்லை.

அரூர்க்காரன்:

அடுத்தடுத்தே வையுங்கள் டீச்சர். தீர்த்தமலையும் செங்குத்தான ஏற்றம்தான். நடுவில் வைத்தால் கால்களுக்கு ஓய்வு கிடைக்காது. முதல் நாள் பார்த்த ஊர்க்காரர்கள் மறுநாள் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். தனியாக நடப்பவருக்கு அது பெரிய பாதுகாப்பு. கால் வலித்தால் இரண்டாம் நாள் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, மதியப் பேருந்திலேயே இறங்கிவிடுங்கள்.