ஜெர்மனிக்குப் புதிதாக வந்த ஜாவா நிரலாளர்களுக்கு: மானுங் வேறு, ரெஹ்னுங் வேறு

ஆன்மெல்டுங் (முகவரிப் பதிவு), வீடு, இன்சூரன்ஸ், பொன்னி அரிசி எந்தக் கடையில் என்பதற்கெல்லாம் ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை. இது ஊரில் நாலைந்து வருடம் ஜாவா நிரல் எழுதிவிட்டு ப்ளூ கார்டு என்ற வேலை அனுமதியில் வந்து, ஒரு மாதம் ஆவதற்குள் "ரிவ்யூவில், அதாவது எழுதிய நிரலைச் சக ஊழியர்கள் சரிபார்க்கும்போது, கிழிகிழி என்று கிழிக்கிறார்கள், ப்ரோபெட்ஸைட்டிலேயே அனுப்பிவிடுவார்களோ" என்று தூக்கம் வராமல் கிடக்கிறவர்களுக்கு. ப்ரோபெட்ஸைட் என்கிற தகுதிகாண் காலம் பெரும்பாலும் 6 மாதம். அதற்குள் 2 வார நோட்டீஸில் அவர்கள் உங்களை அனுப்பலாம், நீங்களும் கிளம்பலாம். எனவே பயம் நியாயமானதுதான், ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்பதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். நான் சேர்ந்தது டோர்ட்முண்ட் பக்கம், மின்சாரமும் எரிவாயுவும் விற்கிற கம்பெனிகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதும் ஓர் இடம். இன்டர்வியூவுக்கு ஓப்ஸின் (ஆப்ஜெக்டுகளை வைத்து நிரல் எழுதும் முறையின்) நான்கு தூண்களையும் ஒப்பிக்கத் தயாராகப் போனேன். அனிமல், டாக், கேட் என்ற பாடப்புத்தக உதாரணம் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. யாரும் கேட்கவில்லை. குப்பையாகக் கிடந்த ஒரு கிளாஸைத் திரையில் போட்டு, "இதில் உனக்கு எது உறுத்துகிறது, ஒரு மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்யலாம்" என்றார்கள். ஏதோ செய்து தப்பித்தேன்.

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன். பணம் கட்டாத வாடிக்கையாளருக்குப் போகும் மானுங்கை, அதாவது "கெடு தாண்டிவிட்டது, கட்டு" என்கிற கடிதத்தை, புது மாட்யூலுக்கு மாற்றும் வேலை. இங்கே காப்பீடு, வங்கி, மின்சாரம் மாதிரித் துறைகளில் பல இடங்களில் கோடுக்குள் (நிரலுக்குள்) துறைச் சொற்கள் ஜெர்மனிலேயே இருக்கும். கெட்ஃபெர்ட்ராக்ஸ்நும்மர் (ஒப்பந்த எண்ணை எடு) என்று பாதி ஆங்கிலம் பாதி ஜெர்மனாக ஒரு மெத்தட் பெயர் வரும், முதலில் சிரிப்பாக இருக்கும், பழகிவிடும். ரெஹ்னுங் என்றால் பில். மானுங்கிலும் வாடிக்கையாளர் எண், தொகை, கடைசித் தேதி, பிடிஎஃப் எல்லாம் உண்டு. நான் யோசிக்கவே இல்லை, மானுங் எக்ஸ்டெண்ட்ஸ் ரெஹ்னுங் என்று போட்டேன், அதாவது மானுங் ரெஹ்னுங்கின் ஒரு வகை, அதில் உள்ளதெல்லாம் இதற்கும் வரும் என்று. நாற்பது வரி மிச்சம் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் வேறு. அதோடு விட்டேனா, மேலே ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், பக்கத்தில் ஒரு ஃபேக்டரி, எல்லாம் சேர்த்து 1,800 வரிக்கு ஒரே புல் ரிக்வெஸ்ட், அதாவது "என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்கிற கோரிக்கை.

மறுநாள் காலையில் அறுபதுக்கு மேல் கமென்ட். முதல் கமென்ட்: "மானுங் எப்போதிலிருந்து ரெஹ்னுங் ஆனது?" முன்னே பின்னே ஒரு நல்ல வார்த்தை கிடையாது. மூஞ்சி சுருங்கிவிட்டது. மதியம் அதை எழுதிய பெரியவரே என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தார் (ஐம்பத்தெட்டு வயதுக்காரரை 'டூ' என்று ஒருமையில் கூப்பிடவே எனக்கு இரண்டு மாதம் நாக்கு வரவில்லை, அது தனிக் கதை). டெஸ்ட் சர்வரில் மாத வருமான ரிப்போர்ட்டை ஓட்டிக் காட்டினார். அது ரெஹ்னுங் வகையில் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டும். என் புண்ணியத்தில் மானுங்கும் இப்போது ஒரு ரெஹ்னுங். ஆக 84 யூரோ பில்லைக் கட்டாமல் விட்டவருக்கு ஒரு மானுங் போனால் வருமானம் 168, இரண்டு போனால் 252. கட்டாதவர்கள் கூடக் கூட லாபம் ஏறுகிற கம்பெனி!

அடுத்தது இன்னும் மோசம். ரெஹ்னுங் கிளாஸில் 19% வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கிடும் மெத்தட் இருந்தது, அதுவும் பரம்பரைச் சொத்தாக மானுங்குக்கு இறங்கிவிட்டது. தாமதத்துக்காக வாங்கும் மான்கெபூர் கட்டணம் ஜெர்மன் வரிச் சட்டப்படி இழப்பீடு, விற்ற பொருளுக்கான விலை கிடையாது, எனவே அதற்கு வாட் இல்லை. நான் 5 யூரோ கட்டணத்துக்கு 95 சென்ட் வரி போட்டிருந்தேன். தாய் வகை நிற்கும் இடத்தில் சேய் வகையை நிறுத்தினாலும் நிரல் பழையபடியே நடக்க வேண்டும் என்று பார்பரா லிஸ்கோவ் 1987ல் ஓர் உரையில் சொன்னாரே, சாலிட் என்ற ஐந்து வடிவமைப்பு விதிகளில் வரும் 'எல்', அதேதான். இன்டர்வியூவுக்கு உருப்போட்டு வைத்திருந்தேன், எதிரே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை.

சரிசெய்தது ரொம்பச் சின்ன வேலை. மானுங் தனிக் கிளாஸ் ஆனது, எந்த பில்லைப் பற்றிய கடிதம் என்பதற்கு உள்ளே ஒரு ஃபீல்டு, பிடிஎஃப் போடுவதற்குத் தனியாக ஓர் ஆப்ஜெக்ட், அதை இரண்டு கிளாஸும் பயன்படுத்திக்கொள்ளும். இன்ஹெரிட்டன்ஸைவிட (பரம்பரையாகப் பெறுவதைவிட) காம்போசிஷன் (உள்ளே வைத்துச் சேர்ப்பது) மேல் என்று எல்லோரும் சொல்வதுதான். ஆனால் நான் இப்போது எக்ஸ்டெண்ட்ஸ் என்று அடிக்கும் முன் கோடைப் பார்ப்பதில்லை, கணக்குப் பிரிவில் இருக்கும் அம்மாவிடம் போய் "இதுவும் அதுவும் ஒன்றா?" என்று கேட்கிறேன். உடைந்த ஜெர்மனில் கேட்டாலும் பதில் வரும்.

இந்தச் சொற்கள் வீட்டிலும் உதவும். வந்த புதிதில் ருண்ட்ஃபுங்க்பைட்ராக் (பொது ஒலி-ஒளிபரப்புக் கட்டணம்) கடிதம் வரும், டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நான் விளம்பரம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன். பிறகு வந்த கடிதத்தில் "மானுங்" என்று தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, கோடில் அதற்கு அடுத்த ஸ்டேட் (நிலை) என்ன என்றும் எனக்குத் தெரியுமே! அன்றைக்கே கட்டினேன்.

இன்னொன்று, எது மாறும் என்பதை ஊகித்து அதைத் தனியே எடுத்து வைப்பது. 2020 ஜூன் தொடக்கத்தில் அரசு, ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை வாட் 19லிருந்து 16 ஆகும் என்று அறிவித்தது. ஒரு மாதம்கூட அவகாசம் இல்லை. 0.19 என்று கோடு முழுக்கத் தூவி வைத்திருந்தவர்கள் எப்படி அலைந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரை எரிவாயுவுக்கு 7%. எங்கள் கோடில் வரி விகிதம் இப்போது எண்ணாக இல்லை, ஒரு சின்ன ஆப்ஜெக்ட்: தேதியும் பொருளும் கொடுத்தால் விகிதம் சொல்லும். மாறும் கணக்கைத் தனி ஆப்ஜெக்டாக எடுத்து வைக்கும் ஸ்ட்ராடஜி பேட்டர்னா என்று கேட்டால் ஆமாம் என்பேன், ஆனால் அந்தப் பெயரை அலுவலகத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பணத்தை டபுளில் (தசமத்தைத் தோராயமாக வைக்கும் எண் வகையில்) வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தசமத்தைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தொகையை ஒரு ரெக்கார்டில் (தரவை வைக்கும் சின்ன கிளாஸில்) போட்டால் ஈக்வல்ஸ் (சமமா என்று பார்க்கும் மெத்தட்) இலவசமாக வரும் என்று சந்தோஷப்படுவோம், ஆனால் பிக்டெசிமலின் ஈக்வல்ஸுக்கு 55.08 வேறு, 55.080 வேறு. ஒரு டெஸ்ட் ஏன் விழுகிறது என்று அரை நாள் மண்டை காய்ந்தேன். ரெக்கார்டின் கன்ஸ்ட்ரக்டரிலேயே தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் என்று ஸ்கேலைக் கட்டிப்போட்டு விடுங்கள்.

டிரெண்ட் என்று கேட்கிறவர்களுக்கு, ஜாவா 8லேயே இருந்து வந்திருந்தால் ரெக்கார்ட் (16), சீல்டு கிளாஸ் (17), ஸ்விட்சில் பேட்டர்ன் மேட்சிங் (21) இந்த மூன்றை முதலில் பிடியுங்கள். ஒரு பில்லின் நிலை திறந்தது, கட்டியது, மானுங் போனது என்று சீல்டு இன்டர்ஃபேஸாக (வகைகளின் பட்டியலை மூடி வைப்பது) எழுதி, டிஃபால்ட் போடாமல் ஸ்விட்ச் எழுதினால், நாளைக்கு யாராவது "வசூலுக்குப் போனது" என்று நான்காவதைச் சேர்க்கும்போது விட்டுப்போன ஸ்விட்ச் எல்லாம் கம்பைல் ஆகாமல் நிற்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேட வேண்டாம். இது பழைய ஓப்ஸ் புத்திக்கு நேர் எதிர்தான், நடத்தையை ஆப்ஜெக்டுக்குள் வைக்காமல் வெளியே வைக்கிறோம், ஆனாலும் நிலைகள் எண்ணி முடிகிற இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. வேலை தேடுகிறவர்களுக்கு: ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3 (2022 நவம்பர்) ஜாவா 17ஐக் கட்டாயமாக்கியது, ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா ஆயின, அந்த மாற்றத்தை இன்னும் முடிக்காத இடங்கள் இருக்கின்றன, அதைச் செய்த அனுபவம் இருந்தால் சிவியில் மேலேயே போடுங்கள். மென்பொருளைச் சின்னச் சின்ன சர்வீஸாக உடைக்கும் மைக்ரோசர்வீஸ் பக்தி எங்கள் பக்கம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. எங்கள் குழுவே ஐந்து சர்வீஸை ஒன்றாக்கி உள்ளே மாட்யூலாகப் பிரித்து வைத்திருக்கிறது, எனக்கு இது நிம்மதி.

ஏஐ கருவி பற்றி ஒன்றே ஒன்று. ஊரில் மாதிரி சொந்தக் கணக்கில் கம்பெனி கோடை ஒட்டிக் கேட்காதீர்கள். பெட்ரீப்ஸ்ராட் என்கிற ஊழியர் மன்றம் இருக்கும் இடத்தில், வேலை செய்பவரைக் கண்காணிக்க வாய்ப்புள்ள எந்த மென்பொருளுக்கும் அவர்கள் சம்மதம் வேண்டும், எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். மற்றபடி அது கோடை வேகமாகத்தான் தருகிறது, மான்கெபூருக்கு வாட் இல்லை என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் நான் செய்த அதே தப்பை அதுவும் அழகாகச் செய்யும், டெஸ்டும் எழுதி பச்சை காட்டும்.

ரிவ்யூவில் என்ன செய்வது? புல் ரிக்வெஸ்டைச் சின்னதாக்குங்கள். நான் இப்போது 200 வரிக்கு மேல் போவதில்லை. பெயர் மாற்றுவது ஒன்று, லாஜிக் மாற்றுவது இன்னொன்று என்று பிரித்து விடுவேன். கமென்டில் இனிப்பு தடவ மாட்டார்கள், அது கோபமும் அல்ல. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் காரணத்தோடு எழுதுங்கள். "ஓகே, டன்" என்று புரியாமலே எல்லாவற்றையும் மாற்றிக் கொடுப்பதைத்தான் அவர்கள் ஆபத்தாகப் பார்க்கிறார்கள், என்னிடம் என் லீட் ஆறாவது மாதப் பேச்சில் நேராகவே சொன்னார்: "அறுபது கமென்டையும் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டாயே, அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது."

கடைசியாக இரண்டு காகித வேலை. எங்கள் நோர்த்ரைன் வெஸ்ட்ஃபாலனில் 6 மாதம் முடிந்ததும் ஆண்டுக்கு 5 நாள் சம்பளத்தோடு பில்டுங்ஸ்உர்லௌப் (கல்வி விடுப்பு) கேட்கலாம் (ரொம்பச் சின்னக் கம்பெனிகளுக்கு விதிவிலக்கு உண்டு), நான் அதில் ஜெர்மன் வகுப்புக்குப் போனேன். பவேரியாவில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. இரண்டாவது, வேலையை விடும்போது ட்ஸாய்க்னிஸ் என்ற சான்றிதழ் தருவார்கள். படித்தால் எல்லாமே பாராட்டு மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள், அதுவும் ஒரு கோடுதான், சங்கேத மொழி. "ஸ்டெட்ஸ்", அதாவது "எப்போதும்", என்ற சொல்லும் "ஃபோல்ஸ்டென்", அதாவது "முழுக்க முழுக்க", என்ற சொல்லும் சேர்ந்து இருந்தால் முதல் வகுப்பு. இரண்டும் இல்லாமல் வெறும் "திருப்தியாகச் செய்தார்" என்று இருந்தால் சுமார் என்று அர்த்தம், கையெழுத்தான தாளோடு உடனே போய்த் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் மேலாளர் மாறிப் போகிறார் என்றால் அவர் கிளம்பும் முன் ஓர் இடைக்காலச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புதியவருக்கு உங்களைப் பற்றி எழுத ஒன்றும் தெரியாது.