ஃபால்ஃபூரியஸ் சாவடியில் நாற்பது நிமிடம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இர்விங், டெக்சாஸ்

எல்லைச் சுவர், சட்டவிரோதக் குடியேற்றம், எச்-1பி வேலை விசா, வெளிநாட்டுக்குப் போகும் வேலைகள். அமெரிக்காவில் தேர்தல் நெருங்கினால் இந்த நான்கையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். நம் வீட்டு விருந்துகளிலும் சாப்பாடு முடிந்ததும் பேச்சு அங்கேதான் போகிறது. கருத்து எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, நேரில் கண்டதையும் தனக்கு நடந்ததையும் எழுதுவோமா? நான் ஆரம்பிக்கிறேன்.

2024 மார்ச், பள்ளி விடுமுறை. தஞ்சாவூரிலிருந்து அம்மா வந்திருந்தார். பேத்தியோடு கடலில் கால் நனைக்க வேண்டும் என்றார். டெக்சாஸின் தென்கோடியில் மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சவுத் பாட்ரே தீவுக்குப் போனோம். திரும்பும்போது எடின்பர்க் வழியாக 281-ஆம் நெடுஞ்சாலை. எல்லையை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்த பிறகு, ஃபால்ஃபூரியஸ் ஊருக்கு முன்னால், எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி வரும். வடக்கே போகிற ஒவ்வொரு வண்டியும் அங்கே நின்றாக வேண்டும்.

பச்சைச் சீருடையில் ஒரு இளைஞர் குனிந்து பார்த்தார். "எல்லோரும் அமெரிக்கக் குடிமக்களா?" பின்சீட்டிலிருந்து என் மகள் மட்டும் ஆமாம் என்றாள். நான் எச்-1பி, மனைவி எச்-4, அதாவது எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான விசா. எங்கள் இருவர் பாஸ்போர்ட்டும் பையில் இருந்தன. அம்மாவுடையது இல்லை. தொலைந்துவிடக் கூடாது என்று அம்மாவே அதைப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். வெளிநாட்டவர் பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்றால் குடியேற்ற ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எனக்கும் தெரியும். கிளம்புகிற அவசரத்தில் கேட்க மறந்துவிட்டேன்.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு உள்ளே போனார் ஒருவர். நாங்கள் காத்திருந்தோம்.

பக்கத்தில் ஒரு பிக்-அப் டிரக். மேலே ஏணி கட்டியிருந்தது, பின்னால் தார் ஒட்டிய வாளிகள். கூரை போடுகிறவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. டாலஸ் பக்கம் ஆலங்கட்டி மழை அடித்தால் நம் வீட்டுக் கூரையை ஒரே நாளில் மாற்றித் தருபவர்கள் இவர்கள்தான். மூன்று பேரில் ஒருவனை மட்டும் இறக்கினார்கள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். ஸ்பானிய மொழியில் ஏதோ கேட்டார்கள். அவன் தலையை ஆட்டினான். பிறகு ஷூ கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள். அவன் குனிந்து இரண்டு கயிறுகளையும் ஒவ்வொரு துளையாக உருவி, விரலில் சுற்றி, அவர்கள் நீட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டான். தளர்ந்த ஷூவோடு நடக்க வரவில்லை, காலை இழுத்து இழுத்துப் போனான்.

நாற்பது நிமிடத்தில் எங்களை விட்டுவிட்டார்கள். அம்மா உள்ளே வந்த பதிவு கணினியில் இருந்தது. வண்டி நகர்ந்து வெகுநேரம் கழித்து அம்மா கேட்டார்:

"ஏம்ப்பா, அந்தப் பையன் என்ன பண்ணினான்?"

"அவன்கிட்ட பேப்பர் இல்லம்மா."

"எங்க குடுக்கறாங்க அந்தப் பேப்பரை? அவனும் போய் வாங்கிக்க வேண்டியதுதானே?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், எனக்கே வரவில்லை. "நாங்கள் வரிசையில் நின்று வந்தவர்கள், அவர்கள் வேலி தாண்டி வந்தவர்கள்" என்று எத்தனை விருந்துகளில் நானே சொல்லியிருக்கிறேன். நான் நின்ற வரிசை எனக்குத் தெரியும். 2007 ஏப்ரலில் முதல் இரண்டு நாளிலேயே எச்-1பி மனுக்கள் குவிந்து, குலுக்கலில் என் பெயர் வந்தது. 2014-ல் போட்ட கிரீன் கார்டு மனு இன்னும் நிற்கிறது. வேலை அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டு, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஆனால் அந்தப் பையன் நிற்க எந்த வரிசை? அன்றிரவு விடுதியில் உட்கார்ந்து தேடினேன். பட்டமோ இரண்டு வருடப் பயிற்சியோ தேவைப்படாத வேலைக்கு கிரீன் கார்டு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 தாண்டாது. எச்-2பி என்று ஒரு விசா உண்டு, ஆண்டுக்கு 66,000. அது பருவகாலம் போன்ற தற்காலிக வேலைக்கு மட்டும். அண்ணன் அமெரிக்கக் குடிமகன் என்றால் தம்பிக்கு மனு போடலாம், மெக்சிகோக்காரருக்கு அந்த வரிசை இருபது வருடத்துக்கும் மேல். நான் நின்ற வரிசை நீளமானது, சலிப்பானது, ஆனால் அது இருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அந்தச் சாவடியைத் தவிர்க்க, ஆள் கடத்துகிறவர்கள் அதற்கு முன்னாலேயே பேப்பர் இல்லாதவர்களை இறக்கிவிடுகிறார்கள். ப்ரூக்ஸ் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) மாட்டுப் பண்ணைகள் வழியாக, மணலிலும் முட்புதரிலும் சுற்றி நடக்க வேண்டும். தண்ணீர் தீர்ந்துபோய் வெயிலில் விழுந்து, 2012-ல் மட்டும் அந்த ஒரு கவுண்டியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெயர் தெரியாமல் ஃபால்ஃபூரியஸ் கல்லறையில் புதைத்தவர்களைப் பின்னால் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தோண்டியெடுத்து அடையாளம் தேடினார்கள். தன்னார்வலர்கள் அங்கங்கே நீல பீப்பாய்களில் தண்ணீர் வைக்கிறார்கள், மேலே ஸ்பானிய மொழியில் தண்ணீர் என்று, "ஆகுவா" என எழுதி. நாங்கள் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டபடி கடந்த நிலம் அது.

இனி நீங்கள் எழுதுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி

நான் வேலை பறித்தவன் என்ற பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பத்து வருடத்துக்கு முன், ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயின்பிரேம் (பெருங்கணினி) வேலையாக ஆன்சைட் வந்தேன். மூன்று மாதம் கேடி, அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். பழையவர்களிடமிருந்து எல்லாவற்றையும் கற்று, சென்னை டீமுக்கு மாற்றிவிட வேண்டும். எனக்குச் சொல்லித்தர அமர்த்தியவருக்கு 58 வயது, அங்கே 27 வருடம். சொல்லித்தந்து முடித்தால்தான் அவருக்குப் பிரிவுத்தொகை. இது எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது.

முதல் நாள் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தே பேசினார். ஒரு தடித்த பைண்டர் வைத்திருந்தார், எல்லாம் கையெழுத்து. எந்த இரவு எந்த ஜாப் விழும் (ஓடும் நிரல் பாதியில் நின்றுபோகும்), சாக்-செவன் என்ற பிழை வந்தால் எந்த ஃபைலில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், ஆண்டுக் கடைசியில் மட்டும் வருகிற தப்பு எது, எல்லாம் தேதி போட்டு இருந்தது. ஒரு பக்கத்தில் "மகள் பிறந்த இரவு, மருத்துவமனையிலிருந்து போனில் சரிசெய்தது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் அவரைப் பார்த்தேன். அவரும் அன்றுதான் என்னை நேராகப் பார்த்தார்.

கடைசி வாரம் அந்தப் பைண்டரை என் மேஜையில் வைத்துவிட்டு, "ஜனவரியில் கண்டிப்பாக விழும், 212-ஆம் பக்கம்" என்றார். ஜனவரியில் விழுந்தது. பக்கம் சரி.

2015-ல் டிஸ்னி ஆர்லாண்டோவில் சுமார் 250 பேரை இப்படித்தான் அனுப்பியது, ஊரெல்லாம் பேச்சானது. மறு வருடம் அவர்களில் ஒருவர் செனட் குழு முன்னால் சாட்சி சொல்லும்போது அழுதார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு என் ஆள்தான் நினைவில் வந்தார். "மொத்தப் பொருளாதாரத்துக்கு லாபம்" என்று நம்மில் பலர் வாதாடுவது உண்மையாகவே இருக்கலாம். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. என்னை அழைத்து வந்தவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்பேன். ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தது நான்.

சென்னை, மடிப்பாக்கம்

2004-ல் பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் இரவுப்பணி. எனக்கு 22 வயது. சாயங்காலம் ஆறரைக்கு கேப் வரும். தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள், பெண் ராத்திரி எங்கே போகிறாள் என்று. அப்பா வாசல் வரை வந்து வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார்.

அமெரிக்காவில் அதிபர் தேர்தல், புஷ்ஷும் கெர்ரியும் போட்டி. வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முதலாளிகளை கெர்ரி "பெனடிக்ட் ஆர்னால்டு" என்று திட்டிக்கொண்டிருந்தார். அது அவர்கள் சரித்திரத்தில் ஒரு துரோகியின் பெயர் என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால் பேச்சை மாற்ற வேண்டும், ஊரைச் சொல்லக் கூடாது என்று கட்டளை.

ஓஹையோவிலிருந்து ஒருவர், கடன் அட்டைத் தவணை கட்ட அவகாசம் கேட்டு. எங்கே இருக்கிறாய் என்றார். மாற்றிப் பேசினேன். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை, சென்னை, இந்தியா என்று சொல்லிவிட்டேன். திட்டப்போகிறார் என்று ஹெட்செட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். "அங்கே இப்போது மணி என்ன?" என்றார். அதிகாலை மூன்று என்றேன். "என் ஆலையில் நானும் அந்த ஷிஃப்ட்தான் பார்த்தேன்" என்றார். ஆலை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினெட்டு நிமிடம் பேசினார். அவர் மகன், ஆலை வாசலில் வளர்ந்துவிட்ட புல், எல்லாம். நான் அவகாசம் போட்டுக் கொடுத்தேன். அழைப்பு நீண்டதற்கு எனக்கு அந்த வாரம் மதிப்பெண் குறைந்தது.

2010-ல் எங்கள் பிரிவையே மணிலாவுக்கு மாற்றினார்கள். நாங்கள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். எடிசன் நண்பர் எழுதிய பைண்டர் விஷயத்தைப் படிக்கும்போது என் கைப்பிரதிக் குறிப்புகள் ஞாபகம் வந்தன.

சான் ஹோசே, கலிபோர்னியா

மனசு இளகுவது சரி. ஆனால் நான் பதினாறு வருடம் காத்திருந்து குடியுரிமை வாங்கியவன். அப்பா சாவுக்குப் போகவில்லை, திரும்பி வர வேண்டிய விசா ஸ்டாம்பிங் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தில். சட்டப்படி வந்தவனுக்கு இத்தனை கஷ்டம் இருக்கும்போது, சட்டத்தை மீறியவருக்காக வருத்தப்படு என்றால் எனக்கு முடியவில்லை. எல்லை என்று ஒன்று இருந்தால் அதைக் காக்கத்தான் வேண்டும். எந்த நாடும் அப்படித்தான்.

திருச்சி

நான் சியாட்டில்வாசி. 2025 செப்டம்பரில் மகாளய அமாவாசைக்கு, அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ஸ்ரீரங்கம் வந்தேன். அமாவாசை ஞாயிறு, 21-ஆம் தேதி. சனிக்கிழமை காலை எழுந்தால் போனில் வக்கீலிடமிருந்து ஏழு செய்தி. எச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார், இந்திய நேரம் ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் அமெரிக்க மண்ணில் கால் வைத்துவிடு என்று. திருச்சியிலிருந்து அது நடக்கிற காரியமா? ஆனாலும் கிளம்பினேன். அம்மா வாசலில் எள்ளும் தர்ப்பையும் எடுத்துவைத்தபடி நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

மீனம்பாக்கத்தில் என்னைப் போலவே பலர் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நள்ளிரவு தாண்டித்தான் புது மனுக்களுக்கு மட்டும், ஏற்கனவே விசா இருப்பவர்களுக்கு இல்லை என்று விளக்கம் வந்தது. அப்படியே வாடகை வண்டி பிடித்துத் திரும்பி, ஒன்பது மணிக்கு அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கினேன்.

சான் ஹோசே நண்பரே, பேப்பர் எல்லாம் சரியாக வைத்திருப்பவன் நான். அந்த ஒரு இரவு அது எனக்கு உதவவில்லை.

இர்விங், டெக்சாஸ்

எல்லோருக்கும் நன்றி. சான் ஹோசே நண்பருக்கு: உங்கள் அப்பா விஷயம் படித்து நெஞ்சு அடைத்தது. எல்லையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மையும் அவர்களையும் பிரிக்கிற கோடு நமக்குத் தெரிகிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை. 2017 பிப்ரவரியில் கேன்சஸில் ஒலேத்தா ஊரில், வேலை முடிந்து மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு இந்தியப் பொறியாளர்களிடம் ஒருவன் எந்த விசா என்று கேட்டான், பிறகு என் நாட்டை விட்டுப் போ என்று கத்திச் சுட்டான். ஒருவர் இறந்தார். அவர்களிடம் பேப்பர் இருந்தது. 2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவித்ததும் எச்-1பி பற்றிக் கிளம்பிய சண்டையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுவர் விஷயத்தில் நம்மோடு தலையாட்டியவர்களில் பலர் அந்த வாரம் நம்மைத்தான் குறிவைத்தார்கள்.

அப்புறம், விடுமுறைக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு. 281-இல் மட்டுமல்ல, 77-ஆம் சாலையில் சாரிட்டாவிலும் சாவடி உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களின் பாஸ்போர்ட்டும், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94 அச்சுப்பிரதியும் கையில் இருக்கட்டும். கிளம்பும் முன் பீரோவில் புடவைக்கு அடியிலும் ஒருமுறை பாருங்கள். அம்மா போன வாரம்கூட போனில் கேட்டார், அந்தப் பையனுக்கு ஷூ கயிற்றைத் திருப்பிக் கொடுத்திருப்பார்களா என்று.