மோட்டார் ஓடுதா இல்லையா

கீதா பெரியம்மா: மோட்டாரை யார் போட்டது? தொட்டி வழிந்து பக்கத்து வீட்டு வடகமெல்லாம் கூழாகிவிட்டது

மாலதி: நான் இல்லை அக்கா

ரமேஷ்: நானும் இல்லை

கீதா பெரியம்மா: அப்போ தானே போட்டுக்கொண்டதா

சேகர் மாமா: சுவிட்ச் பக்கத்தில் சிவப்பு லைட் இருக்கிறதே

மாலதி: அது சுவிட்சைத் தட்டினாலே எரியும் அண்ணா. வைண்டிங் புகைந்தபோதும் எரிந்தது. ஒரு மணி நேரம் குடத்தோடு உட்கார்ந்திருந்தேன்

சேகர் மாமா: அதுதான் விஷயம். அது வோல்டேஜ் வந்ததைக் காட்டும், மோட்டார் கரண்ட் இழுப்பதைக் காட்டாது. அதற்கு ஒரு சி.டி., அதாவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், வாங்க வேண்டும், வளையல் மாதிரி இருக்கும். மோட்டாருக்குப் போகும் ஃபேஸ் ஒயரை மட்டும் அதற்குள் கோக்க வேண்டும். நியூட்ரலையும் சேர்த்துக் கோத்தால் போகிற கரண்டை வருகிற கரண்ட் கழித்துவிடும், லைட் எரியாது. வளையத்தில் சுற்றிய கம்பியின் இரண்டு முனையில் ஒரு எல்.இ.டி., அதற்கு எதிர்த்திசையில் ஒரு டயோடு, அது கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும். நம் 1 எச்.பி. மோட்டார் 5 ஆம்பியர் இழுத்தால், 1000 சுற்று சி.டி.யில் 5 மில்லி ஆம்பியர் வரும். எல்.இ.டி.க்குத் தாராளம்.

ரமேஷ்: படித்து முடிக்க சாயங்காலம் ஆகும் மாமா

கீதா பெரியம்மா: இது எந்த மீட்டரில்?

சேகர் மாமா: லைட்டுக்குத் தனி மின்சாரம் வேண்டாம் அக்கா

கீதா பெரியம்மா: மோட்டாரைச் சொல்கிறேன். இரண்டு குடும்பம் குளிக்கிறது, பில் எங்கள் தலையில். இந்தத் தடவை 500 யூனிட் தாண்டிவிட்டது

மாலதி: அந்தக் கணக்கைத் தீபாவளிக்கே பேசியாயிற்று

பாட்டி: தொட்டியில் மிதக்கிற பந்து வைக்கச் சொன்னேன். தாத்தா இருக்கும்போதே.

ரமேஷ்: சி.டி.யை நானே கோக்கிறேன்

சேகர் மாமா: தொடாதே. மிக்ஸி ஞாபகம் இருக்கிறது. மெயினை அணைத்து எலக்ட்ரீஷியன் கோக்கட்டும்

கீதா பெரியம்மா: லைட் என் சமையல்கட்டில்தான்

மாலதி: சுவிட்ச் எங்கள் பக்கம் அக்கா

சேகர் மாமா: டயோடுக்குப் பதில் இன்னொரு எல்.இ.டி. போட்டால் ஆளுக்கொன்று எரியும். கரண்ட் ஒரு திசையில் ஓடும்போது அது, திசை மாறும்போது இது

பாட்டி: எனக்கு?

சேகர் மாமா: பார்க்கலாம் அத்தை. ஞாயிறு வாங்கி வருகிறேன்

ரமேஷ்: போன ஞாயிறும் வருவதாகச் சொன்னீர்கள்

மாலதி: வடகத்துக்கு யார் போய்ப் பேசுவது?

கீதா பெரியம்மா: நான் போகமாட்டேன். போன தடவை முருங்கைக் கிளைக்கு நான்தான் போனேன்