வாடகை தாமதமாகிறது; உறவு கெடாமல் சரிசெய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. நல்ல மனிதர்கள், வீட்டைத் தங்கள் வீடு போலவே வைத்திருக்கிறார்கள். ஆனால் வாடகை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில் வருவதே இல்லை. மாதந்தோறும் நானே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. அதை நம்பித்தான் வீட்டுக் கடன் தவணை கட்டுகிறேன். தவணை தவறினால் அபராதம் என் தலையில் விழும்.

சம்பளம் மாத நடுவில்தான் வருகிறது என்று அவர் அண்மையில் சொன்னார். அப்படியானால் வாடகைத் தேதியையே சம்பளத்துக்கு மறுநாளாக மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. இப்படி மாற்றியவர்கள் இருக்கிறீர்களா? இடைப்பட்ட நாட்களுக்கு வாடகையை எப்படிக் கணக்கிட்டீர்கள்? இருவரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதுமா, புது ஒப்பந்தமே போட வேண்டுமா?

தாமதக் கட்டணம் வசூலிக்கச் சொல்கிறார் அண்ணன். ஒப்பந்தத்தில் இல்லாததை நடுவில் திணிப்பது நியாயமில்லை. புதுப்பிக்கும்போது, சில நாள் அவகாசத்தோடு சேர்க்கலாம். தண்ணீரை நிறுத்து, மின்சாரத்தைத் துண்டி என்றும் சிலர் சொல்கிறார்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை ஒருபோதும் செய்ய மாட்டேன். பல இடங்களில் அது சட்டப்படியும் தவறு. முன்பணத்தில் கழித்துக்கொள்ளவும் மனமில்லை. காலி செய்யும்போது பழுது பார்க்க அந்தப் பணம் வேண்டும்.

பாதி வாடகை தந்தால் வாங்கிக்கொண்டு, ரசீதில் பாக்கியைக் குறிப்பிடுவது சரியா? நினைவூட்டலை எழுத்தில் அனுப்பினால், அவர் மனம் நோகாதபடி எப்படி எழுதுவது? வீட்டு உரிமையாளர்கள் மட்டுமல்ல, வாடகைக்குக் குடியிருப்பவர்களும் சொல்லுங்கள்.